இருபத்திரண்டாம் திகதிப் பரீட்சை

கொழும்பு,
16.08.2020

அன்புள்ள வாப்பாவுக்கு,

அஸ்ஸலாமு அலைக்கும். உங்கள் துஆவால் பத்திரமாக வந்து சேர்ந்தேன். கால் வீக்கம் எப்படி இருக்கிறது? மருந்தை நேரத்துக்குப் போடுகிறாரா என்று மாமியும் கேட்கிறார்.

பஸ்ஸில் ஒரு சீட்டுக்கு ஒருவர்தான். ஓட்டமாவடியில் ஏறியவள் கொழும்பு வரைக்கும் யாரோடும் ஒரு வார்த்தை பேசவில்லை. மாமி வாசலில் வாளித் தண்ணீரும் சவர்க்காரமுமாக நின்றார். கைகால் கழுவிய பிறகுதான் கட்டிப்பிடித்தார். பிறகு என்னை முன்னும் பின்னும் திருப்பிப் பார்த்து, மௌத்தாகிப்போன என் உம்மாவின் நடை அப்படியே வந்துவிட்டது என்று சொல்லிக் கொஞ்சம் அழுதார். கட்டாரில் வேலை செய்யும் றிஷாட் மச்சானின் அறையை எனக்கு ஒதுக்கியிருக்கிறார்.

செப்டெம்பரில் நடக்கவிருந்த சட்டக் கல்லூரி நுழைவுப் பரீட்சையைத் தள்ளிவைத்துவிட்டார்கள் வாப்பா. புதிய திகதி நவம்பர் 22, ஞாயிற்றுக்கிழமை. முதலில் கவலைப்பட்டேன். போன வருடம் நாலு புள்ளியால் தவறியவளுக்கு இரண்டு மாதம் கூடுதலாகக் கிடைத்திருக்கிறதே என்று இப்போது நினைத்துக்கொள்கிறேன். மாமி என் முதல் வழக்கை இப்போதே தந்துவிட்டார். பக்கத்து வீட்டுக் கூரைப் பீலித் தண்ணீர் அவருடைய முற்றத்தில் விழுகிறதாம்.

போனில் உங்களுக்குக் கேட்கவும் மாட்டாது, உங்கள் பழைய போனில் தமிழ் எழுத்து வரவும் மாட்டாது. அதனால் கிழமைக்கொரு தடவை அரிசி லொறியில் வருகிற நளீர் நானாவிடமே கடிதங்களைக் கொடுத்துவிடுவேன். நீங்களும் அப்படியே செய்யுங்கள்.

துஆவை வேண்டும்,
மகள் றிஸ்லா


ஓட்டமாவடி,
02.09.2020

அன்பு மகள் றிஸ்லா அறிவது,

வ அலைக்கும் ஸலாம். நான் சுகம். கால் வீக்கம் வடிந்துவிட்டது. உன்னுடையவும், உனக்கு மாமியான என் தாத்தாவுடையவும் சுகத்துக்கு ஒவ்வொரு தொழுகையிலும் கேட்கிறேன்.

உன் கடிதத்தைப் பாலத்தடியில் வைத்தே உடைத்து வாசித்தேன். நளீர் சிரித்தான். ஆலையில் முப்பத்தொரு வருடம் நின்றவனுக்குக் காதில் மிஞ்சியது இரைச்சல்தான். அதற்குள் ஒரு மனிதக் குரலும் நுழையாது. ஆகையால் நீ எழுதுவதுதான் எனக்குக் குரல். நீட்டி எழுது.

உதயரூபன் சேரை மட்டக்களப்பில் கண்டேன். உனக்கென்று பழைய வினாத்தாள்கள் ஒரு கட்டுத் தந்தார். நளீரிடம் அனுப்பியிருக்கிறேன். எங்கள் வயல் வழக்கை அவர் பேசிய நாள் ஞாபகம் இருக்கிறதா? உனக்குப் பதினாலு வயது. கோட்டில் என் பக்கத்தில் இருந்துகொண்டு, அவரும் நீதவானும் சொன்னதையெல்லாம் கொப்பியில் எழுதி எழுதிக் காட்டினாய். திரும்பி வரும்போது பஸ்ஸில், "நானும் இதுதான் படிக்கப்போறன் வாப்பா" என்று எழுதி நீட்டினாய். அந்தக் கடதாசி என் பெட்டியில் இருக்கிறது.

தாத்தாவுக்கு உதவியாக இரு. எங்கள் உம்மா மௌத்தானபோது எனக்கு ஐந்து வயது, அவளுக்குப் பன்னிரண்டு. பள்ளிக்கூடத்தை விட்டுவிட்டு என்னை இடுப்பில் தூக்கித் திரிந்தவள். அந்தக் கடனை நான் அடைக்கவில்லை. உன்னை அவளிடம் அனுப்பியதில் கொஞ்சம் அடைந்ததாக நினைத்துக்கொள்கிறேன்.

இப்படிக்கு,
உன் வாப்பா மீராசாஹிப்


கொழும்பு,
12.10.2020

அன்புள்ள வாப்பா,

அஸ்ஸலாமு அலைக்கும். இங்கே நாங்கள் இருவரும் நலம். அங்கே மழை தொடங்கிவிட்டதா? கூரையில் அந்த மூலையைப் பார்த்தீர்களா?

பரீட்சை அனுமதி அட்டை வந்துவிட்டது. மாமி அதை வாங்கி நெஞ்சில் வைத்துக்கொண்டார், பிறகு குர்ஆன் வைக்கும் தட்டில் வைத்தார்.

ஆனால் கொரோனா நோய் திரும்பவும் வந்துவிட்டது வாப்பா. நீங்களும் கேள்விப்பட்டிருப்பீர்கள். வகுப்பை மூடிவிட்டார்கள். இப்போது போனில்தான் படிப்பு. போட்டோப் பிரதி எடுக்க மட்டும் இரண்டு தடவை வெளியில் போனேன். நீண்ட வரிசை. பரீட்சைத் திகதியில் மாற்றம் இல்லை என்றுதான் சொல்கிறார்கள்.

மாமிக்கு இலேசான தடிமன். பழைய தடிமன்தான் என்கிறார். அதைவிட ரேடியோதான் அவரைப் படுத்துகிறது. இந்த நோயில் மௌத்தாகிறவர்களை எந்தச் சமயமானாலும் எரிக்கவேண்டும் என்று சித்திரை மாதத்தில் சட்டம் வந்ததல்லவா? நேற்றுச் செய்தியில், மே மாதத்தில் ஒரு முஸ்லிம் பெண்ணின் ஜனாஸாவை எரித்ததைத் திரும்பவும் சொன்னார்கள். மாமி ரேடியோவை நிறுத்திவிட்டுக் கனநேரம் அதன்மேல் கையை வைத்தபடி இருந்தார். பிறகு சாப்பிடவில்லை.

துஆவில் மறக்கவேண்டாம்.

மகள் றிஸ்லா


ஓட்டமாவடி,
22.10.2020

அன்பு மகள் அறிவது,

ஸலாம். நான் சுகம். உன் கடிதம் பிந்திக் கிடைத்தது. இதைச் சுருக்கமாக எழுதுகிறேன், நளீர் லொறி இஞ்சினை நிறுத்தாமல் நிற்கிறான்.

தாத்தாவையும் கூட்டிக்கொண்டு ஊருக்கு வா. வருகிற வியாழக்கிழமை நளீர் முன்சீட்டில் இடம் தருவான். பயண அனுமதிக் கடிதம் அவனிடம் இருக்கிறது. பரீட்சைக்கு இரண்டு நாள் முந்தித் திரும்பிப் போகலாம். தடிமனோடு அவளை அங்கே வைத்திருக்க எனக்கு மனமில்லை.

வாப்பா


கொழும்பு,
18.11.2020

அன்புள்ள வாப்பாவுக்கு,

அஸ்ஸலாமு அலைக்கும். நான் சுகம். எனக்கு நோய் இல்லை என்று முடிவு வந்துவிட்டது. நேற்றோடு தனிமைப்படுத்திய பதினாலு நாளும் முடிந்து கதவைத் திறந்துவிட்டார்கள்.

ஊரடங்கால் உங்கள் கடிதம் ஒரு கிழமை பிந்தித்தான் கிடைத்தது. கிடைத்த நாள், அந்த வியாழக்கிழமை, மாமிக்கு மூச்சு எடுக்கக் கஷ்டமாகிவிட்டது. வெள்ளிக்கிழமை அம்புலன்ஸ் வந்தது. திங்கட்கிழமை, நவம்பர் இரண்டாம் திகதி, ஆஸ்பத்திரியிலிருந்து போன் வந்தது. மிச்சத்தை றிஷாட் மச்சான் நளீர் நானாவுக்குச் சொல்லி, அவர் உங்களுக்கு எழுதிக் காட்டியிருப்பார்.

செவ்வாய்க்கிழமை சுகாதாரப் பகுதியிலிருந்து மூன்று பேர் வந்தார்கள். சட்டம் இப்படித்தான் என்றார்கள். அன்று பின்னேரமே எரித்துவிட்டார்கள். நான் பார்க்கவில்லை, என்னைக் கூப்பிடவும் இல்லை.

வெள்ளிக்கிழமையன்று பரீட்சையையும் தள்ளிவைத்துவிட்டார்கள். திகதி சொல்லவில்லை.

வேறு எழுத எனக்கு ஏலவில்லை வாப்பா. நீங்கள் உடம்பைப் பார்த்துக்கொள்ளுங்கள்.

மகள்


ஓட்டமாவடி,
29.11.2020

அன்பு மகள் றிஸ்லாவுக்கு,

வ அலைக்கும் ஸலாம். அல்லாஹ் உனக்குப் பொறுமையைத் தருவானாக. நான் இருக்கிறேன்.

நளீர் அன்று துண்டில் எழுதிக் காட்டினான். வாசித்துவிட்டு அவனிடமே திருப்பிக் கொடுத்தேன். அன்று எனக்குக் காய்ச்சல். இல்லாவிட்டால் லொறியில் ஏறி வந்திருப்பேன்.

ஜனாஸா இல்லாமல் ஜனாஸாத் தொழுகை தொழுதோம். அறுபது வயதில் முதல் தடவையாக, எந்தப் பக்கம் பார்த்து அழுவது என்று தெரியாமல் நின்றேன். பள்ளி வாசலில் எல்லோரும் என்னைச் சூழ்ந்துகொண்டு, எரிக்கச் சம்மதம் தரும் கடதாசியில் உங்கள் வீட்டில் யாரும் கையெழுத்து வைத்தார்களா என்று எழுதிக் கேட்டார்கள். வேறு ஊர்களில் சிலர் பயத்தில் வைத்துவிட்டார்களாம். நான் சத்தமாகச் சொன்னேன்: "என்ட புள்ள வெக்கல்ல. சட்டம் படிக்கிற புள்ள. தனிய நிண்டு ஏலாண்டு சொல்லியிரிக்கி."

நீ அதை எழுதவில்லை. ஆனால் உன்னை எனக்குத் தெரியாதா? அவர்கள் என் கையைப் பிடித்துக் குலுக்கினார்கள். அந்த ஒன்றைப் பிடித்துக்கொண்டுதான் இந்தப் பதினைந்து நாளும் நான் நித்திரை கொள்கிறேன். பலவந்தமாக எடுத்தார்கள், நாங்கள் கொடுக்கவில்லை. நாளை மறுமையில் அவளுக்கு முன்னால் நிற்கும்போது சொல்ல அது ஒன்றாவது இருக்கிறது.

வீதி திறந்ததும் ஊருக்கு வா. தனியே இருக்காதே.

வாப்பா


கொழும்பு,
20.12.2020

அன்புள்ள வாப்பா,

அஸ்ஸலாமு அலைக்கும். நான் இருக்கிறேன். நீங்கள் சாப்பிடுகிறீர்களா? காய்ச்சல் முழுதாகப் போய்விட்டதா? நளீர் நானாவிடம் கேட்டால் முகத்தைத் திருப்பிக்கொண்டு, "இப்ப சுகம்" என்கிறார்.

உடனே பதில் எழுதாததற்கு மன்னியுங்கள். வீதி திறந்திருக்கிறது, ஆனால் பரீட்சைத் திகதி எந்த நேரமும் வரலாம் என்கிறார்கள். மச்சானும் வீட்டைப் பூட்டிப் போடவேண்டாம் என்று சொல்கிறார். அதனால் இங்கேயே இருக்கிறேன்.

படிக்க இருந்தால் ஒரு பக்கம் தாண்ட முடியவில்லை. ஒன்று சொல்வேன், பயப்படவேண்டாம். பின்னேரம் அஸர் பாங்குக்குக் கொஞ்சம் முந்தி, பின்முற்றத்துப் பைப்படியில் மாமி தொழுகைக்கு ஒளு எடுக்கும் சத்தம் கேட்கிறது. முதலில் தண்ணீர், பிறகு வாய் கொப்பளிப்பது, பிறகு ஈரச் செருப்பு மூன்று தடவை. போய்ப் பார்த்தால் சீமெந்து காய்ந்து கிடக்கிறது. பக்கத்து வீட்டுச் சத்தமாக இருக்கும் என்று அந்த நேரத்தில் அங்கே போய்ப் பார்த்தேன். அவர்கள் வீட்டில் பத்து நாளாக ஆளில்லை. கதவில் பூட்டுத் தொங்கியது.

அந்தச் செருப்புச் சத்தம் என் அறை வாசல் வரைக்கும் வந்து நிற்கிறது. உள்ளே வருவதில்லை. நான் ஏதோ சொல்வேன் என்று காத்துக்கொண்டு நிற்கிற மாதிரி.

வாப்பா, பள்ளியில் சொன்னதாக எழுதியிருந்தீர்களே, எத்தனை பேருக்குச் சொன்னீர்கள்?

மகள் றிஸ்லா


ஓட்டமாவடி,
05.01.2021

அன்பு மகள் அறிவது,

ஸலாம். நான் சுகம். நீ மெலிந்துவிட்டாய் என்று நளீர் சொல்கிறான். நேரத்துக்குச் சாப்பிடு. யாஸீன் ஓது. தனி வீடு ஒரு மாதிரித்தான் இருக்கும்.

எத்தனை பேருக்குச் சொன்னேன் என்று கேட்டாய். ஊருக்கே தெரியும். காத்தான்குடியிலிருந்து கூட ஆட்கள் வந்து உன்னைப் பற்றிக் கேட்டுப்போனார்கள்.

அதைப் பற்றித்தான் எழுதுகிறேன். எரிக்கப்பட்டவர்களின் குடும்பங்கள் சேர்ந்து ஒரு மனுப் போடப்போகிறார்கள். கிழக்கில் உள்ளவர்களின் கடதாசிகளை உதயரூபன் சேர் தயாரிக்கிறார். தமிழ் மனிதர், எங்களுக்காக ஒரு சதமும் வாங்காமல் செய்கிறார். நான் சொன்னதை வைத்து உன் பெயரில் சத்தியக் கடதாசி ஒன்று எழுதித் தந்திருக்கிறார். இத்துடன் இருக்கிறது. வாசித்து, ஒரு சமாதான நீதவான் முன்னால் சத்தியம் செய்து கையொப்பம் வைத்து நளீரிடம் கொடு. குடும்பம் சம்மதிக்கவில்லை என்பதற்கு உன் வாக்குமூலம்தான் பலமானது என்றார்.

நீ படிக்கப்போகிற சட்டம் முதல் முதல் உன் மாமிக்கே உதவட்டும்.

வாப்பா


கொழும்பு,
24.01.2021

வாப்பாவுக்கு,

அஸ்ஸலாமு அலைக்கும். நீங்கள் நலமாக இருக்கவேண்டும். இதை இருந்துகொண்டு வாசியுங்கள், பாலத்தடியில் நின்று வாசிக்கவேண்டாம்.

சத்தியக் கடதாசியை ஏழு தடவை வாசித்தேன். மூன்றாம் பந்தியில், "எனது மாமியின் சடலத்தை எரிப்பதற்கு நானோ எமது குடும்பத்தில் வேறெவருமோ சம்மதம் வழங்கவில்லை" என்று இருக்கிறது. அது பொய் வாப்பா. நான் கையெழுத்து வைத்தேன்.

நடந்ததை முழுதாக எழுதுகிறேன். அம்புலன்ஸ் வந்த அன்று மாமியைப் படியால் இறக்கும்போது என் மணிக்கட்டைப் பிடித்துக்கொண்டார். மூச்சு விட்டு விட்டுத்தான் பேசினார்.

"மகள், எனக்கு என்ன நடந்தாலும் எரிக்க மட்டும் உட்டுராத."

"உடமாட்டன் மாமி."

"வல்லாஹிண்டு சொல்லு."

"வல்லாஹி உடமாட்டன்."

அல்லாஹ்வின் பேரில் அந்தச் சத்தியம் வாங்கிய பிறகுதான் கையை விட்டார்.

செவ்வாய்க்கிழமை வந்த மூன்று பேரில் வயதானவர்தான் பேசினார். கத்தவில்லை, மிரட்டவில்லை. எனக்கு விளங்கவேண்டும் என்று சிங்களத்தை மெதுவாகச் சொன்னார். அவர் கண் சிவந்திருந்தது. பல நாள் நித்திரை இல்லாதவர் போல இருந்தார். கையெழுத்து இருந்தாலும் இல்லாவிட்டாலும் முடிவில் எரிக்கத்தான் போகிறார்கள், சட்டம் அப்படி என்றார். வைக்காவிட்டால் ஜனாஸா குளிரறையில் கிடக்கும், கட்டாரில் உள்ள மகனிடமிருந்து எழுத்து வரவேண்டும், என்னையும் கூப்பிடுவார்கள், தனிமைப்படுத்தும் முகாமுக்குக் கொண்டுபோனால் அன்றிலிருந்து பதினாலு நாளும் புதிதாக எண்ணப்படும் என்றார்.

வாப்பா, நான் அவரிடம் ஒரே ஒரு கேள்விதான் கேட்டேன். அது மாமியைப் பற்றியது இல்லை. "எனக்கு இருபத்திரண்டாம் திகதி பரீட்சை இருக்கிறது. அதற்குப் போகலாமா?" என்று கேட்டேன்.

அவர் விரலை மடக்கி எண்ணினார். இன்றைக்கு இது முடிந்தால் பதினேழாம் திகதி உங்கள் கதவு திறக்கும், போகலாம் என்றார்.

கடதாசியை வைத்து எழுத ஏதாவது வேண்டும் என்றார்கள். கைக்கு எட்டியதை எடுத்தேன். உதயரூபன் சேர் அனுப்பிய வினாத்தாள் கட்டு. அதன்மேல் வைத்து, என் முழுப் பெயரையும் அழகாக எழுதினேன். கை நடுங்கவில்லை. நடுங்கியிருந்தால் இப்போது சொல்லிக்கொள்ள ஒன்று இருந்திருக்கும்.

மூன்றாம் நாள் பரீட்சையைத் தள்ளிவைத்த செய்தி போனில் வந்தது. நான் கட்டிலில் இருந்து அதை வாசித்தேன். அழவில்லை. சிரிப்பு மாதிரி ஒரு சத்தம் என் வாயிலிருந்து வந்தது. அன்று பின்னேரம்தான் முதல் தடவையாகப் பைப்படியில் தண்ணீர்ச் சத்தம் கேட்டது.

அதே கிழமை ஆஸ்பத்திரியிலிருந்து ஒரு பெண் பேசினாள். சாம்பலை எடுத்துக்கொள்ள விருப்பமா என்று கேட்டாள். உங்களையும் கேட்கவில்லை, மச்சானையும் கேட்கவில்லை. வேண்டாம் என்று சொல்லிவிட்டேன். எங்கே போட்டார்களோ எனக்குத் தெரியாது.

இன்னொன்று. போட்டோப் பிரதி வரிசையில் எனக்கு முன்னால் நின்றவர் இருமிக்கொண்டே இருந்தார். நோயை வீட்டுக்குக் கொண்டு வந்தவளும் நானாக இருக்கலாம்.

நீங்கள் பள்ளியில் சொன்னதை நான் உடனே மறுத்திருக்கவேண்டும். மறுக்காமல் இருந்தது இரண்டாவது பொய். மூன்றாவதற்குச் சத்தியம் செய்ய எனக்கு ஏலாது.

பரீட்சைக்குப் புதுத் திகதி போட்டிருக்கிறார்கள். மார்ச் 21. போவதா என்று தெரியவில்லை. நீங்கள் சொல்லுங்கள்.

றிஸ்லா


கொழும்பு,
22.02.2021

அன்புள்ள வாப்பா,

அஸ்ஸலாமு அலைக்கும். நீங்கள் சுகமாக இருப்பதாக நளீர் நானா சொல்லித்தான் தெரியும். நாலு கிழமை லொறி வந்தது. நாலு தடவையும் அவர் கதவைத் திறந்து வெறுங்கையைக் காட்டினார். கடிதத்தை உங்கள் கையில்தான் கொடுத்தாராம். நீங்கள் வாசித்ததையும் பார்த்தாராம்.

உங்கள் கோபத்துக்கு நான் எதிர்ச்சொல் சொல்லவில்லை. ஒரு விசயத்தை மட்டும் அறியத்தருகிறேன். சத்தியக் கடதாசியைக் கையொப்பம் இல்லாமல் உதயரூபன் சேருக்குத் தபாலில் அனுப்பி, உங்களுக்கு எழுதியதை அவருக்கும் எழுதினேன். அவர் போன் எடுத்தார். ஏசுவார் என்று நினைத்தேன். ஏசவில்லை. இப்படித்தான் சொன்னார்: "பொய்ச் சத்தியம் செய்யாததுக்குச் சந்தோசம். நடந்ததை நடந்தபடி எழுதித் தா பிள்ளை. எப்படிக் கையெழுத்து வாங்கினவங்க எண்டதும் சாட்சிதான்."

நான் இன்னும் எழுதவில்லை. உங்கள் பெயரும் அதில் வரும், ஊரும் அறியும். உங்கள் சொல் இல்லாமல் எழுத மனமில்லை.

பரீட்சைக்கு இன்னும் நாலு கிழமை இருக்கிறது. பின்னேரங்களில் நான் இப்போது அறைக் கதவைத் திறந்துதான் வைக்கிறேன்.

மகள்


ஓட்டமாவடி,
14.03.2021

அன்பு மகள் றிஸ்லாவுக்கு,

வ அலைக்கும் ஸலாம். நான் சுகம். உன் சுகத்தைக் கேட்க எனக்கு வெட்கமாக இருக்கிறது.

உன் கடிதம் வந்த அன்று உன்மேல் கோபம் வந்தது. மூன்று நாள் அது இருந்தது. நாலாம் நாள் போய்விட்டது. அதற்குப் பிறகும் நான் எழுதாமல் இருந்தது வேறு காரணத்துக்காக. உனக்குப் பதில் எழுதுவதென்றால் நானும் ஒன்றை எழுதவேண்டும்.

எனக்கு அன்று காய்ச்சல் இல்லை மகள்.

தாத்தா மௌத்தான திங்கட்கிழமை இரவே நளீர் வந்து துண்டில் எழுதினான்: "விடிய லொறி போகுது. உதவியாள் பாஸ் ஒண்டு இரிக்கி, உங்கட பேரப் போட்டுட்டன். றிஸ்லா தனிய. பெரிய ஆள் ஒருத்தர் வேணுமாம்." வாறன் என்று தலையாட்டினேன். விடிய அவன் கேட்டைத் தட்டியது எனக்குக் கேட்காது, ஆனால் ஜன்னலில் லைட் வெளிச்சம் விழுந்தது. உடுத்தி, பையோடு கதவுக்குப் பின்னால் நின்றேன். நோய்க்குப் பயந்தேன். அந்த வீட்டுக் காற்றுக்குப் பயந்தேன். திரும்பிப் போய்ப் பாயில் படுத்துப் போர்த்திக்கொண்டேன். உள்ளே வந்தவனிடம் காய்ச்சல் என்று சொன்னேன். அவன் என் நெற்றியில் கையை வைத்துப் பார்த்தான். லொறியை எடுத்துக்கொண்டு போய்விட்டான். இன்றுவரைக்கும் அவன் அதை யாருக்கும் சொல்லவில்லை.

அன்று அந்த லொறி நடுப்பகல் லுஹருக்கு முந்திக் கொழும்பை எட்டிவிட்டது. உன்னிடம் அவர்கள் வந்தது அதற்குப் பிறகு. என்னை உள்ளே விடாவிட்டாலும் தெருமுனையில் நின்றிருப்பேன். நீ கேட்கவேண்டிய கேள்வியை நான் கேட்டிருப்பேன். பன்னிரண்டு வயதில் என்னைத் தூக்கியவளுக்கு அதைக்கூட நான் செய்யவில்லை. பள்ளியில் உன் தைரியத்தைச் சத்தம்போட்டுச் சொன்னதும் என் கோழைத்தனத்தை மூடத்தான்.

இப்போது சட்டம் மாறி, அடக்கம் செய்ய விட்டுவிட்டார்கள் என்று அறிந்திருப்பாய். இடம் எங்கள் ஊரில்தான். காட்டோரத்தில், மஜ்மா நகரில். எல்லா ஊர் ஜனாஸாக்களும் இங்கே வருகின்றன. நான் போகிறேன். ஆலையில் மூட்டைக்கு இலக்கம் போட்ட கை என்று, கல்லில் இலக்கம் எழுதும் வேலையைத் தந்திருக்கிறார்கள். ஒவ்வொரு பெட்டி இறங்கும்போதும் என் தாத்தாவோ என்று பார்க்கிறேன். இல்லை என்று தெரிந்தும் பார்க்கிறேன். பெண் என்று எழுதியிருந்தால் கை நின்றுவிடுகிறது.

இதை எழுதுவதா என்று யோசித்தேன். நீயாகக் கேள்விப்படுவதைவிட நான் சொல்வது நல்லது. தாத்தாவின் வீட்டுக்குப் பின்தெருவிலிருந்து ஒருவருடைய ஜனாஸா வந்தது. மகன் கையெழுத்து வைக்க மறுத்து, இத்தனை மாதம் குளிரறையில் கிடந்ததாம். அந்த மகன் மண் போட்டுவிட்டு என்னைக் கட்டிப்பிடித்து அழுதான். அவன் என்ன சொன்னான் என்று எனக்குக் கேட்கவில்லை. அவனைப் பிடித்துக்கொண்டு நான் உன்னை நினைத்தேன்.

நேற்று முன்தினம் ஜும்ஆவுக்குப் பிறகு எழுந்து நின்றேன். ஐம்பது பேர் இருந்தார்கள். "நான் இங்க பொய் சொன்னன். என்ட புள்ள கையெழுத்து வெச்சது. அது தனிய நிண்டிச்சு. நான் போக ஏலுமா இருந்தும் போகல்ல" என்று சொன்னேன். ஒருவர் எழுந்து வெளியில் போனார். மற்றவர்களின் வாய்கள் அசைந்தன. யாரையும் எழுதிக் காட்டச் சொல்லவில்லை. நளீர் மட்டும் வந்து என் செருப்பை எடுத்துக் காலடியில் வைத்தான்.

உதயரூபன் சேருக்கு உள்ளதை எழுதிக் கொடு. என்னைப் பற்றியும் எழுது. பரீட்சைக்குப் போவதா என்று கேட்டாய். போ என்று சொல்ல எனக்கு உரிமை இல்லை, போகாதே என்று சொல்லவும் இல்லை.

வாப்பா


கொழும்பு,
23.03.2021

வாப்பாவுக்கு,

அஸ்ஸலாமு அலைக்கும். நான் சுகம். வெயிலில் அதிகம் நிற்கவேண்டாம், காலைப் பாருங்கள்.

உங்கள் கடிதத்தை வாசித்துவிட்டு அதைக் கிழிக்கப் பார்த்தேன். பிறகு கிழிக்கவில்லை. உண்மையைச் சொன்னால், எனக்குக் கோபம். நீங்கள் வந்திருந்தால் நான் அந்தக் கேள்வியைக் கேட்டிருக்க மாட்டேன் என்று அடிக்கடி தோன்றுகிறது. கேட்டிருப்பேன் என்றும் தோன்றுகிறது. இது எப்போது போகும் என்று தெரியாது. உங்களுக்கு மூன்று நாளில் போனதாக எழுதியிருந்தீர்கள். எனக்குக் கூடுதல் நாள் வேண்டும்.

சத்தியக் கடதாசியைச் சனிக்கிழமை முடித்து அனுப்பிவிட்டேன். இரண்டரைப் பக்கம். அந்தப் பெரியவர் விரல் மடக்கி எண்ணியதையும், நான் கேட்டதையும், உங்களுக்கிருந்த லொறி இடத்தையும் விடாமல் எழுதினேன். மனு வெல்லுமா தெரியாது. உதயரூபன் சேருக்கும் தெரியாதாம்.

ஞாயிற்றுக்கிழமை பரீட்சைக்குப் போனேன். போகாமல் விட்டால் மாமியைக் கொடுத்து வாங்கியது எதுவென்று ஒருநாளும் தெரியாமலே போய்விடும் என்று நினைத்தேன். வாசலில் காய்ச்சல் பார்த்தார்கள். மண்டபத்தில் மேசைகளை விலக்கி விலக்கிப் போட்டு, ஒவ்வொன்றிலும் சுட்டிலக்கம் ஒட்டியிருந்தார்கள். பல மேசைகளுக்கு ஆள் வரவில்லை. எனக்கு முன்னால் நாலு இலக்கம் வெறுமையாக இருந்தது. அவர்கள் மனம் மாறியவர்களோ, படுத்துக் கிடக்கிறார்களோ, இனி வரவே முடியாதவர்களோ. அந்த நாலு மேசைகளையும் பார்த்தபடிதான் எழுதினேன். சுகமாக எழுதினேன் வாப்பா. அதுதான் பயமாக இருக்கிறது. எல்லாம் தெரிந்திருந்தது.

சித்தியடைந்தால் படிப்பேன். ஆனால் யாராவது என்னிடம் கையெழுத்துக்காக ஒரு கடதாசியோடு வந்து நின்றால், நான் என்ன மனுசி என்று எனக்குத் தெரியும். அதை மறக்காமல் படிப்பேன்.

வெள்ளிக்கிழமை ஊருக்கு வாறன். நளீர் நானாவின் முன்சீட்டில் வருவேன். அன்றே என்னை மஜ்மா நகருக்குக் கூட்டிப் போங்கள். பெண்களை உள்ளே விடாவிட்டால் வேலி ஓரத்தில் நின்றுகொள்கிறேன். அங்கே எங்களுக்கு ஒரு கபுறு இல்லை என்று தெரியும். மாமியின் பெயருக்கு எந்த மண்ணும் இல்லை. ஆனாலும் அவ்வளவு பேருடைய கபுறுகளுக்குப் பக்கத்தில் நின்று, கைறுன்னிஸா என்று ஒரு தடவை சத்தமாகச் சொல்லவேண்டும். இதுவரைக்கும் இந்த வீட்டில் அந்தப் பெயரை வாய்விட்டுச் சொல்ல எனக்குத் தைரியம் வரவில்லை.

உங்களுக்குக் கேட்காது. நான் சொல்லும்போது என் வாயைப் பார்த்துக்கொண்டு நில்லுங்கள்.

மகள் றிஸ்லா